மேலே செல்லும் மின்கம்பியும் கீழே கிடக்கும் ஹக்கும்



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜுமுஆ தொழுகை முடிந்தபின் எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு பெரியவர் கையில் ஒரு மனுவோடு நின்றிருந்தார். ஊருக்கு வெளியே அவருக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. அதன் மேலாக 400 கிலோவோல்ட் உயர் மின்தடம் செல்ல இருக்கிறது. அளவைக் கல் நட்டாகிவிட்டது. மரங்களுக்குச் சிவப்பு மையில் எண் இட்டாகிவிட்டது. தருவதாகச் சொல்லும் தொகை போதாது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய மனுவில் ஜமாஅத்தார் நான்கு பேர் கையொப்பமிட வேண்டும் என்பதே அவர் கேட்டது.

மார்க்கம் படித்த ஓர் இளைஞர் அந்த மனுவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஒருவருடைய நிலத்தின் வழியே வாய்க்கால் கொண்டுபோக உரிமையாளர் மறுத்தபோது, கலீஃபா அதை ஏற்கவில்லை, கடுமையான சொல்லால் கண்டித்து வாய்க்காலை ஓட வைத்தார்கள் என்ற நிகழ்ச்சியைச் சொன்னார். பொதுநன்மைக்கு முன்னால் ஒரு முஃமின் தன் தோப்பைக் கணக்குப் பார்க்கக் கூடாது, ஸபர் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். பெரியவர் ஒரே ஒரு பதில் சொன்னார்: “கம்பி போகட்டும் தம்பி. போக வேணாம்னு நான் எங்கே சொன்னேன்? எம்மரத்துக்கும் மண்ணுக்கும் என்ன வழின்னுதான் கேக்குறேன்.”

கையொப்பம் கிடைக்காமலேயே அவர் போய்விட்டார். அன்று தலையசைத்தவர்களில் நானும் ஒருவன். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

அந்த இளைஞர் சொன்ன நிகழ்ச்சி உண்மையானது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில், தீர்ப்புகள் பற்றிய பாடத்தில் அது இடம்பெறுகிறது. ஆனால் அவர் பாதியைத்தான் சொன்னார். தஹ்ஹாக் இப்னு கலீஃபா என்பவர் மதீனாவை அடுத்த உரைள் பகுதியிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களின் நிலத்தின் வழியே கொண்டுபோக விரும்பினார். நிலத்துக்காரர் மறுத்தார். அப்போது தஹ்ஹாக் முன்வைத்த வாதத்தைக் கவனியுங்கள். அந்தத் தண்ணீரில் முதலிலும் முடிவிலும் நீங்களே பாய்ச்சிக் கொள்ளலாம், உங்களுக்கு இதில் நன்மை உண்டு, தீங்கு எதுவும் இல்லை என்பதுதான் அது. வழக்கு உமர் (ரலி) அவர்களிடம் போனபோது அவர்கள் கேட்டதும் இதையே: உனக்கும் பயன் தந்து, உனக்குத் தீங்கும் செய்யாத ஒன்றை உன் சகோதரனுக்கு ஏன் தடுக்கிறாய்?

ஆக, அந்தத் தீர்ப்பு இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, நிலத்துக்காரருக்கும் அதில் பங்கு உண்டு. மற்றொன்று, அவருக்கு நட்டம் இல்லை. இந்த இரண்டையும் நம் பெரியவரின் தோப்பில் வைத்துப் பாருங்கள். நானூறு கிலோவோல்ட் மின்தடத்திலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு குண்டு பல்பும் எரியாது. அந்த மின்சாரம் அவர் தலைக்கு மேலே ஓடி, எங்கோ ஒரு துணைமின் நிலையத்தில் இறங்கி, ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் போகிறது. முதலிலும் இல்லை, முடிவிலும் இல்லை; ஒரு சொட்டும் அவருக்கு இல்லை. தீங்கோ, கண்முன்னே எண்ணிடப்பட்டு நிற்கிறது. உமர் (ரலி) அவர்களின் நீதியை ஆதாரம் காட்ட விரும்புகிறவர் அந்த நீதி எதன் மேல் நின்றதோ அதையும் சேர்த்தே காட்ட வேண்டும். இன்னொன்று: அந்த நிகழ்ச்சி இருந்தும், உரிமையாளரின் இசைவின்றி அவர் நிலத்தில் இப்படி வழி கொண்டுபோகக் கட்டாயப்படுத்த முடியாது என்றே நம் இமாம்களில் பலர் கருத்துக் கூறியிருக்கிறார்கள். ஒரு தரப்பை மட்டும் சொல்லி ஓர் எளியவரின் வாயை அடைப்பது இல்முக்கு அழகன்று.

மின்தடம் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. தென்மாவட்டக் காற்றாலைகளிலும் சூரியமின் பூங்காக்களிலும் விளையும் மின்சாரத்தை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகக் கம்பி தேவை. இவ்வளவு உயர் அழுத்தத்தில் எல்லா இடத்திலும் மண்ணுக்கடியில் கேபிள் பதிப்பது பன்மடங்கு செலவாகும் என்பதும் உண்மை. (புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் தடத்தில், கேரளத்துக்குள் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிளாகவே போடப்பட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று நம் கொங்கு விவசாயிகள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.) என் வாதம் கம்பியைப் பற்றியதன்று. கம்பிக்குக் கீழே கிடக்கும் ஹக்கைப் பற்றியது. அந்த ஹக்கை நாட்டுநலன் என்ற சொல்லாலும் ஸபர் என்ற சொல்லாலும் மூடி மறைப்பதைப் பற்றியது.

நிலத்தின் மேல் கம்பி போகும்போது சட்டப்படி என்ன நடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சாலைக்கோ அணைக்கோ நிலம் எடுத்தால் அது நில எடுப்பு. அதற்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விலை உண்டு, அதற்கு மேல் ஆறுதல் தொகை உண்டு, மறுவாழ்வு பற்றிய விதிகள் உண்டு. மின்தடத்துக்கு அது பொருந்தாது. ஏனெனில் இங்கே நிலம் ‘எடுக்கப்படுவதில்லை’. பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். நிலவரியும் அவரே கட்டுவார். மின்நிறுவனம் பெறுவது வெறும் பயன்பாட்டு உரிமை. இந்த ஏற்பாடு வெள்ளையர் ஆட்சியில், தந்திக் கம்பிக்காக எழுதப்பட்ட 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்திலிருந்து வருகிறது. தந்திக் கம்பி என்றால் என்ன? ஒல்லியான ஒரு கம்பம், அதில் இரண்டு மூன்று கம்பிகள். அதற்காக ஆக்கப்பட்ட அதிகாரத்தை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு வழியே மின்நிறுவனங்களுக்கும் வழங்கலாம் என்று வைத்தார்கள். அதே சட்டத்தின்கீழ் 2006-இல் வந்த விதிகள் நில உரிமையாளரின் முன்னிசைவைக் கேட்கின்றன. ஆனால் 164-ஆவது பிரிவின் அதிகாரம் பெற்றுவிட்டால் அந்த இசைவு தேவையில்லை என்பதை 2016-இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது. உரிமையாளர் தடுத்தால் மாவட்ட ஆட்சியரின் ஆணை வரும். அதன்பின்னும் தடுத்தால் குற்றவழக்கு.

2023-இல் நாடாளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை இயற்றி, அந்தப் பழைய தந்திச் சட்டத்தை நீக்க வழிசெய்தது. தந்திச் சேவையே 2013-இல் நின்றுபோயிற்று. ஆனால் அந்தப் புதிய சட்டத்துக்குள்ளேயே ஒரு விலக்கு எழுதப்பட்டது: மின்தடங்களுக்கு மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி தொடர்ந்து செல்லும். தந்தி போயிற்று, தந்திச் சட்டம் போயிற்று, விவசாயியின் நிலத்துக்குள் இசைவின்றி நுழையும் உரிமை மட்டும் சாகாமல் இருக்கிறது.

இருந்தாலும், அந்த வெள்ளையர் சட்டம்கூட ஒரு சொல்லைச் சேர்த்தே எழுதியது. கூடியவரை குறைவான சேதமே செய்ய வேண்டும், செய்த சேதத்துக்கு ‘முழு’ இழப்பீடு, அதில் அக்கறையுள்ள ‘எல்லோருக்கும்’ தர வேண்டும் என்பது அதன் 10-ஆவது பிரிவு. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம் என்பது 16-ஆவது பிரிவு. நம் பெரியவர் கேட்டது கருணையும் அன்று, பேராசையும் அன்று. சட்டம் முழு என்று சொன்னதை முழுதாகக் கேட்டார், அவ்வளவே.

முழு என்பது நடைமுறையில் எவ்வளவாக இருந்தது? நெடுங்காலம் வெட்டிய மரத்துக்கும் மிதித்த பயிருக்கும் மட்டும் ஏதோ ஒரு தொகை. மண்ணின் மதிப்பு வீழ்ந்ததற்கு எதுவும் இல்லை. 2015 அக்டோபரில் மத்திய மின்துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது: கோபுரத்தின் நான்கு கால்களுக்கு இடைப்பட்ட நிலத்துக்கு அதன் மதிப்பில் 85 விழுக்காடு, கம்பி செல்லும் வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு. சட்டீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் போட்டபோது நடப்பில் இருந்த அளவுகோல் இதுவே. 2018 டிசம்பரில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தது எதற்கு என்று அன்று நகரத்தில் இருந்த நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 கிலோவோல்ட் தடத்துக்கு வழித்தட அகலம் 46 மீட்டர். (800 கிலோவோல்ட் நேர்மின் தடத்துக்கு 69 மீட்டர்.) ஒன்றரை ஏக்கர் என்பது ஏறத்தாழ 100 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும். கம்பி அதன் நீளவாக்கில் போனால் அறுபதில் நாற்பத்தாறு மீட்டர் போயிற்று. அதாவது ஒரு ஏக்கர் 14 சென்ட் கம்பிக்கு அடியில். அங்கே தென்னை நிற்கக் கூடாது, உயர்ந்து வளரும் எந்த மரமும் கூடாது, வீடு கட்ட முடியாது. கடலையோ சோளமோ போடலாம், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது ஆண்டு காய்த்த தோப்புக்கு அது ஈடாகுமா? ஒரு பேச்சுக்கு, அங்கே ஏக்கர் 20 இலட்சத்துக்குக் கைமாறுகிறது, அரசின் வழிகாட்டி மதிப்பு 8 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். தொகையை வழிகாட்டி மதிப்பில் கணக்கிட்டால், 15 விழுக்காட்டுக்கு அவர் கையில் வருவது ஒரு இலட்சத்து முப்பத்தேழாயிரம் ரூபாய்க்குள். கம்பி ஓடும் நிலம் பாதி விலைக்குத்தான் போகும் என்றால் அவர் இழந்தது 11 இலட்சத்துக்கு மேல். இடையில் உள்ள தொகை எங்கே போயிற்று? இத்துடன், தமிழக அரசு 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து வைத்திருந்தது. 2023 வரை அந்தக் குறைப்பு நீடித்தது. பத்திரம் பதிகிறவனுக்கு அது சலுகை. அந்த மதிப்பை நம்பி இழப்பீடு பெறுகிறவனுக்கு அதுவே வெட்டு.

ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களிடம் சொன்ன எச்சரிக்கை நமக்கு மனப்பாடம். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்யாதீர்கள், மக்களுக்கு உரிய பொருள்களின் மதிப்பைக் குறைத்துவிடாதீர்கள் என்ற கருத்தைத் திருக்குர்ஆன் ஒரு முறைக்கு மேல் எடுத்துச் சொல்கிறது. நாம் அதைப் படிக்கும்போது மளிகைக் கடைத் தராசை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். ஒருவனுடைய நிலத்தின் மதிப்பைக் காகிதத்தில் குறைத்து எழுதி, அந்தக் காகிதத்தைக் காட்டியே பணம் தருவதும் குறைவான எடைக்கல்தானே?

நியாயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அண்மையில் மாற்றம் வந்திருக்கிறது. 2024 ஜூனில் கோபுர அடிநிலத்துக்கு மதிப்பில் 200 விழுக்காடும் வழித்தடத்துக்கு 30 விழுக்காடும் என்று மத்திய வழிகாட்டுதல் உயர்ந்தது. 2025 மார்ச்சில் நகராட்சிப் பகுதிக்கு 45, மாநகரங்களுக்கு 60 என்று வழித்தடத் தொகை மேலும் கூடிற்று. கிராமத்துக்கு 30 அப்படியே நின்றது. இவை கொடையாக இறங்கி வந்தவை அல்ல. பழைய தொகை அநீதியானது என்று மழையிலும் வெயிலிலும் அமர்ந்து சொன்ன விவசாயிகள் இல்லாமல் இது நடந்திருக்காது என்பது என் துணிபு. வழிகாட்டுதல் என்பது சட்டமும் அன்று. ஒரு மாநிலம் எவ்வளவை ஏற்கிறது, அலுவலர் எந்த மதிப்பை நூறு என்று எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எட்டு இலட்சத்தில் முப்பது விழுக்காடு, இருபது இலட்சத்தில் பதினைந்து விழுக்காட்டைவிடக் குறைவு.

இனி ஸபர் பற்றி. பொதுத்தேவை என்று வந்தபோது அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? மதீனாவில் பள்ளிவாசல் எழுந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. பேரீச்சம்பழம் உலர்த்தும் களம். பள்ளிவாசலை விடப் பெரிய பொதுநன்மை எது? அந்தச் சிறுவர்கள் இலவசமாகவே தர முன்வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை அன்பளிப்பாக ஏற்க மறுத்து, விலைக்கே வாங்கினார்கள் என்று புகாரீயின் ஹிஜ்ரத் பற்றிய அறிவிப்பில் இருக்கிறது. தருகிறோம் என்றவர்களிடமே விலை கொடுத்து வாங்கிய தூதரின் உம்மத், தர மாட்டேன் என்றுகூடச் சொல்லாமல் விலை மட்டும் கேட்கிறவரைப் பார்த்து ஸபர் என்கிறது.

ஹுனைன் போருக்கு முன் ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் கவசங்கள் கேட்டார்கள். அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்கவில்லை. வெற்றி பெற்ற படையின் தலைவர் கேட்கிறார். இது பறிமுதலா என்று அவர் துணிந்து கேட்டார். இல்லை, பொறுப்பேற்கப்பட்ட இரவல் என்று பதில் வந்தது. சில கவசங்கள் தொலைந்தபோது ஈடு தரவும் முன்வந்தார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். போர்க்களத்து அவசரத்திலும், அடுத்தவனுடைய இரும்புச் சட்டைக்குக் கணக்கு இருந்தது. உமர் (ரலி) அவர்களின் வாய்க்கால் நிகழ்ச்சியைச் சொல்கிறவர்கள், பள்ளிவாசலை விரிவாக்க அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டபோது அதே உமர் (ரலி) அவர்களுக்கு எதிராக உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததையும் சொல்லட்டும். கலீஃபா அத்தீர்ப்புக்குப் பணிந்தார்கள். தம் உரிமை நிலைநாட்டப்பட்ட பிறகே அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமாக வீட்டை விட்டுக்கொடுத்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. விட்டுக்கொடுப்பது உரிமையுள்ளவனின் சிறப்பு. அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அவன் விட்டுக்கொடுத்தான் என்று பெயர் சூட்ட முடியாது.

ஃபிக்ஹு நூல்களுக்கும் இது புதிதன்று. நிலத்துக்கு உரியவனே அதன் மேலுக்கும் கீழுக்கும் உரியவன் என்ற விதியை உஸ்மானியப் பேரரசின் மஜல்லாச் சட்டத்தொகுப்பு எழுதி வைத்தது. நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையை இல்லாமல் ஆக்கிவிடாது என்பதும் அதில் ஒரு விதி. பொதுவழிக்காக ஒருவரின் சொத்தை எடுக்கலாம், ஆனால் விலை கொடுக்கும் வரை கைப்பற்றக் கூடாது என்றும் அது சொல்கிறது. நம் காலத்தில், 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதே பொருளில் தீர்மானம் செய்தது. பொதுநலனுக்காகச் சொத்தை எடுப்பதற்கு அது இட்ட முதல் நிபந்தனை, விவரமறிந்தவர்கள் மதிப்பிட்ட நியாயமான ஈட்டை உடனடியாகத் தருவது. அது சந்தையில் அதுபோன்ற சொத்தின் விலைக்குக் குறையக் கூடாது. கம்பி கட்டி முடித்து மின்சாரம் ஓடிய பிறகும் காசோலைக்கு அலைய விடுவதை இந்த நிபந்தனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாகும் என்ற நபிமொழியை வேலித் தகராறுக்கு மட்டும் ஓதுகிறோம்.

ஓர் ஆட்சேபம் எப்போதும் வரும்: விவசாயிக்கு அரசு இலவச மின்சாரம் தருகிறதே, அவர் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா? தமிழ்நாட்டில் அந்தச் சலுகை எல்லா விவசாயிக்கும் பொது. கம்பி போகாத நிலத்துக்காரருக்கும் அது உண்டு. அது எப்படிக் கம்பி போன நிலத்தின் விலை ஆகும்? வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறுகிறோம். அதற்காக நம் வீட்டு மாடியில் இசைவின்றி ஒரு கோபுரத்தின் காலை ஊன்ற விடுவோமா?

உண்மையில் கடன்பட்டவர்கள் நாம்தாம். மின்தடம் போடும் செலவு முழுவதும், நிலத்துக்காரருக்குத் தரும் இழப்பீடு உட்பட, கடைசியில் மின்கட்டணத்தில்தான் வசூலாகிறது. அவருக்குக் குறைத்துக் கொடுத்தால் அந்த அளவுக்கு நம் கட்டணத்தில் பளு குறைகிறது. ரமளானில் குளிரூட்டப்பட்ட பள்ளிவாசலில் தராவீஹ் தொழுகிறோமே, அந்தக் குளிர்ச்சியில் அவர் தோப்பின் பங்கு எவ்வளவு? ஒவ்வொரு வீட்டுக்கும் பிரித்தால் காசுக்கணக்கில்கூட வராது. அவருக்கோ அது மகளின் திருமணம். முழுத் தொகையைக் கொடுத்துக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மின்சாரம் நுகரும் நாமே கேட்க வேண்டும். அதைக் கேட்காதவர்கள் விவசாயிக்கு ஸபரைப் போதிக்கும் தகுதியை இழக்கிறோம்.

அரசை மட்டும் சாடி நிறுத்தினால் இது பாதிக் கட்டுரை. அந்தத் தொகை வந்த பிறகு நம் வீடுகளுக்குள் நடப்பது என்ன?

பட்டா பெரும்பாலும் மறைந்த தந்தையின் பெயரிலோ மூத்த மகன் பெயரிலோ இருக்கிறது. காசோலை அந்தப் பெயருக்கு வருகிறது. சகோதரிகளுக்கு யாரும் சொல்வதில்லை. கேட்டால், அது நிலம் விற்ற காசா என்ன, மரம் வெட்டிய காசுதானே என்று ஒரு பதில். அந்த மரமும் வாப்பா வைத்த மரம்தானே? 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கிற்று. ஆகவே இங்கே விளைநிலத்திலும் மகளின் பங்கு மார்க்கப்படியும் உண்டு, நாட்டுச் சட்டப்படியும் உண்டு. மின்நிறுவனம் தன் ஹக்கைக் குறைத்துவிட்டது என்று மேடையில் கொதிக்கும் சகோதரர், வீட்டில் தங்கையின் ஹக்கை முழுதாக விழுங்குகிறார். முன்னவன் குறைத்துத் தந்தான். இவர் தரவே இல்லை.

குத்தகைக்காரர் நிலையும் இதுவே. பயிர் அவருடையது, விதை அவருடையது, வியர்வை அவருடையது. கிரேன் வந்து மிதித்த பயிருக்கான தொகை பட்டாதாரர் கணக்கில் ஏறுகிறது. வாய்மொழிக் குத்தகை என்பதால் அவரிடம் காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் ஹக்கு இல்லாமல் போய்விடுமா? அக்கறையுள்ள எல்லோருக்கும் என்று அந்நியன் எழுதிய சட்டத்துக்கு இருந்த கண் நமக்கு இல்லாமல் போனது எப்படி?

வக்ஃபு நிலங்களின் மேலும் கம்பிகள் போகின்றன. இங்கே முத்தவல்லிகளிடம் ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. வந்த இழப்பீட்டை அந்த ஆண்டு வருமானத்தில் சேர்த்துப் பள்ளிவாசலுக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். நல்ல காரியம்தானே என்று நினைக்கிறார்கள். பயிருக்கு வந்த தொகை வருமானம், அதைச் செலவிடலாம். ஆனால் நிலத்தின் மதிப்பு வீழ்ந்ததற்கு வந்த தொகை வருமானம் அன்று. அது வக்ஃபின் மூலத்தில் ஒரு துண்டு, பணமாக மாறி வந்திருக்கிறது. அதைக் கொண்டு மீண்டும் நிலையான சொத்துத்தான் வாங்கிச் சேர்க்க வேண்டும். மேலும், வக்ஃபுக்கு வரும் தொகையைக் குறைவாக ஏற்றுக்கொள்ள முத்தவல்லிக்கு உரிமையே இல்லை. தன் தோப்பை ஒருவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கலாம். அமானிதத்தில் பெருந்தன்மை காட்ட அவர் யார்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அளவை நடந்ததுமே, கம்பி வரப்போவதைச் சொல்லாமல் மனைகளாகப் பிரித்து, வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளிடம் விற்றுவிடுகிறவர்கள். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் எப்படிக் கண்டித்தார்கள் என்பதை இவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். மனு இன்னும் அவர் பெட்டியில்தான் இருந்தது. ஜமாஅத்திலிருந்து ஏழு பேர் கையொப்பமிட்டோம். வாய்க்கால் நிகழ்ச்சியைச் சொன்ன அந்த இளைஞரும் முவத்தாவை முழுதாகப் படித்துவிட்டு வந்து கையெழுத்திட்டார். அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக. தெரிந்த ஒரு வழக்கறிஞர் சொன்னதன்படி சிலவற்றைச் செய்தோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். மரம் வெட்டும் முன் ஒவ்வொரு மரத்தையும், கிணற்றையும், குழாய்ப் பாதையையும் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். அடங்கலில் தென்னை என்று பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் தரிசு என்று இருந்தால் உடனே திருத்த மனுக் கொடுங்கள். அதே கிராமத்தில் அண்மையில் பதிவான கிரயப் பத்திரங்களின் நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறுங்கள்; வழிகாட்டி மதிப்பை மறுக்க அவைதாம் ஆயுதம். தொகையை வாங்க வேண்டிய நிலை வந்தால், ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதி வாங்குங்கள். மாவட்ட நீதிபதியிடம் போகும்போது நிலம் எங்கே இருக்கிறது, கம்பி ஓரமாகப் போகிறதா நடுவில் போகிறதா, மிச்சம் எவ்வளவு பயன்படும் என்பதையெல்லாம் பார்த்தே தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று 2007-இல் கேரள மின்வாரிய வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதை உங்கள் வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள்.

மனுவின் கடைசியில் உரிமையாளர்கள் என்ற இடத்தில் பெரியவர் தன் பெயரை மட்டும் எழுதியிருந்தார். தோப்பு அவருடைய அத்தா வைத்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை வாங்கி, உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்த அக்காவின் பெயரையும், இறந்துபோன தங்கையின் பிள்ளைகள் மூவரின் பெயரையும் தன் கையாலேயே எழுதினார்.